சுட்டும் அசைவும்: மின்கற்றல் படவில்லைகளில் ஊடாட்டக் கட்டுப்பாடுகளுக்கு அசைவூட்டும் முறை – வள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிப் பாதுகாப்புப் பயிற்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மின்கற்றல் பாடங்களில், அடுத்துச் செய்ய வேண்டிய செயலின்பால் கற்பவரின் கண்ணைத் திருப்புவதற்காகப் பொத்தான், கைப்பிடி, திருகுகுமிழ் முதலிய ஊடாட்டக் கட்டுப்பாடுகளுக்கு அசைவூட்டம் அளிக்கப்படுகிறது. இவ்வசைவு கற்றலுக்கு எப்போது துணையாகிறது, எப்போது தடையாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் இலக்கண மரபின் அகச்சுட்டு, புறச்சுட்டு என்னும் பகுப்பு இவ்வடிவமைப்பைப் புரிந்துகொள்ளத் தக்க கருவியாக இங்குக் கையாளப்படுகிறது. நிலக்கரிக் கடத்துபட்டையின் மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டும் பணியை மாதிரிப் பாடமாகக் கொண்டு, வழிகாட்டும் அசைவு படிப்படியாக நீக்கத்தக்கதாய் அமைய வேண்டும் என்பது நிறுவப்படுகிறது. தமிழ் எழுத்தமைப்பும் வினைமுற்று வடிவங்களும் இவ்வடிவமைப்பில் எழுப்பும் தனிச்சிக்கல்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மின்கற்றல், அசைவூட்டம், ஊடாட்டக் கட்டுப்பாடு, புறச்சுட்டு, தொழிற்பாதுகாப்பு, ஒருங்குறி.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி தமிழகத்தின் செறிந்த தொழில்மண்டலங்களுள் ஒன்றாகும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. பொன்னேரி வட்டத்து வள்ளூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் இணைந்து நிறுவிய அனல்மின் நிலையம், தலா 500 மெகாவாட் திறனுடைய 3 அலகுகளுடன் இயங்குகிறது. எண்ணூர்க் கடற்கரையை ஒட்டித் துறைமுகங்களும் நிலக்கரி கையாளும் தளங்களும் உள்ளன. இவ்விடங்களில் பணிபுரிவோருள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்ற உள்ளூர் இளைஞரும் உளர். ஒப்பந்த முறையில் பிற மாநிலங்களிலிருந்து வந்தோரும் உளர்.

இத்தகைய தொழிலாளர்க்குரிய பாதுகாப்புப் பயிற்சியின் ஒரு பகுதி இன்று கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் நடைபெறுகிறது. தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்கான பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் உருவாக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் சென்னைக் கிண்டியிலேயே 1986 முதல் இயங்கிவருகிறது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக்கல்விப் பாடங்களில் ஒலியும் அசைபடமும் கலந்த முறையைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டது. ஆகவே, தமிழில் அசைவூட்டப் பாடம் என்பது புதிதன்று. ஆயின், படவில்லையில் உள்ள ஒரு பொத்தான் ஏன் அசைய வேண்டும், எவ்வளவு நேரம் அசைய வேண்டும், எப்போது அசையாதிருக்க வேண்டும் என்னும் வினாக்கள் தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசைவும் கவனமும்

பார்வைப் புலத்தின் ஓரத்தில் தோன்றும் அசைவுக்கு மனிதக் கண் விரைந்து வினைபுரிகிறது. திடீரெனத் தோன்றும் பொருள், பார்ப்பவரின் விருப்பத்தை எதிர்பாராமலே கவனத்தை ஈர்க்கும் என்பதை யாண்டிஸ், ஜோனைடஸ் ஆகியோர் 1984இல் ஆய்வுவழிக் காட்டினர். இவ்வியல்பே அசைவூட்டப் பொத்தானின் ஆற்றலுக்கு அடிப்படை. இதே இயல்பே அதன் இடருக்கும் காரணம்.

ஜான் ஸ்வெல்லர் வகுத்த அறிதிறன்சுமைக் கோட்பாட்டின்படி, ஒரே நேரத்தில் மனம் கையாளத்தக்க செய்தியின் அளவு குறுகியது. திரையில் எங்கே பார்ப்பது என்று தேடுவதிலேயே அவ்வாற்றல் செலவாயின், பாடப்பொருளை உணர்வதற்கு எஞ்சுவது சிறிதே. எனவே, இன்றியமையாப் பகுதியைக் குறிப்பால் உணர்த்துதல் கற்றலை எளிதாக்கும் என்பது ரிச்சர்ட் மேயர் விளக்கும் பல்லூடகக் கற்றல் கொள்கைகளுள் ஒன்று. மறுபுறம், கற்பவர் அசைபடத்தில் முதன்மையானதை விட்டுக் கண்ணைக் கவர்வதையே பற்றிக்கொள்ளும் போக்குடையவர் என்பதை ரிச்சர்ட் லோவின் ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. இரண்டையும் இணைத்து நோக்கின் ஒரு முடிவு பெறப்படுகிறது: அசைவு கண்ணைக் கட்டாயம் ஈர்க்கும்; ஈர்க்கப்பட்ட இடத்தில் கற்கவேண்டிய பொருள் இருத்தல் வேண்டும். அவ்வாறின்றி ‘அடுத்து’ என்னும் பொத்தான் பாடம் முழுதும் துடித்துக்கொண்டே இருப்பின், கற்பவர் பாடத்தைப் படியாது அப்பொத்தானை அழுத்தவே பழகுவார்.

கருத்துவிளக்க அசைபடமும் கட்டுப்பாட்டு அசைவூட்டமும் வேறானவை என்பதையும் இங்கு வரையறுத்தல் வேண்டும். கொதிகலனுள் நீர் ஆவியாவதைக் காட்டும் படம் முன்னதற்கு எடுத்துக்காட்டு, அது காணற்குரியது. கட்டுப்பாட்டு அசைவூட்டமோ ‘இதனைச் செய்’ என்று கற்பவரை நோக்கிப் பேசுவது. அது செயற்குரியது. இக்கட்டுரை பின்னதனையே ஆராய்கிறது.

அகச்சுட்டும் புறச்சுட்டும்

அ, இ, உ ஆகிய சுட்டெழுத்துகள் சொல்லோடு இயையும் முறையை இலக்கண மரபு இரண்டாகப் பகுக்கும். ‘அவன்’ என்பதில் அகரம் சொல்லின் உறுப்பாய் உள்ளது. அதனை நீக்கின் எஞ்சுவது பொருள் தராது. இது அகச்சுட்டு. ‘அம்மலை’ என்பதில் சுட்டினை நீக்கினும் ‘மலை’ என்பது பொருளுடைய சொல்லாய் நிற்கும். இது புறச்சுட்டு.

திரையில் ஒரு கட்டுப்பாட்டைச் சுட்டும் வழிகளையும் இவ்வாறே பகுக்கலாம். பொத்தான் தானே பெரிதாகிச் சிறிதாதல், நிறம் மாறுதல், குலுங்குதல், திரையின் ஓரத்திலிருந்து பறந்து வருதல் ஆகியன அகச்சுட்டு. இங்கு அசைவு பொத்தானின் உறுப்பாகிவிடுகிறது. பொத்தான் அசையாது நிற்க, அதனைச் சூழ்ந்து ஒரு வளையம் விரிதல், அருகே ஓர் அம்புக்குறி தோன்றுதல், ஏனைய பகுதிகள் மங்குதல் ஆகியன புறச்சுட்டு. இங்குச் சுட்டினை நீக்கினும் கட்டுப்பாடு தன்னியல்பில் நிலைத்திருக்கும்.

இப்பகுப்பு மூன்று காரணங்களால் பயனுடையது.

முதலாவது, அழுத்தும் எளிமை. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருப்பின் அதனை அடையும் நேரம் மிகும் என்பது பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதி. இலக்கே அசையுமாயின் இடர்ப்பாடு மேலும் கூடும். கையுறை கழற்றி வந்து சிறிய கைப்பேசித் திரையைத் தொடும் தொழிலாளிக்கு இது வெறும் கோட்பாடன்று.

இரண்டாவது, உருவ ஒப்புமை. பணியிடத்தில் உள்ள பொத்தான் துடிப்பதில்லை. துடிக்கும் பொத்தானைக் கண்டு பழகியவர், துடிக்காத பொத்தானை இனங்காணத் தடுமாறக் கூடும்.

மூன்றாவது, நீக்கத்தக்க தன்மை. கற்பவர் தேர்ச்சியுறுந்தோறும் சுட்டு மறைய வேண்டும். புறச்சுட்டு தனிப்பொருளாதலின் அதனை மட்டும் மறைத்தால் போதும். அகச்சுட்டை நீக்கின் கற்பவர் அறிந்த பொத்தானே உருமாறிவிடும்.

சுட்டின் மற்றொரு பகுப்பும் இங்குப் பொருந்தும். ‘இ’ அண்மையையும் ‘அ’ சேய்மையையும் சுட்டுவன. விளக்கவுரை ‘இப்பொத்தான்’ என்று ஒலிக்கும்போது, சுட்டும் வளையம் அதே நொடியில் அப்பொத்தானை ஒட்டித் தோன்றுதல் வேண்டும். உரை முடிந்தபின் தோன்றும் அம்புக்குறியும், திரையின் மறுகோடியில் தோன்றும் அறிவிப்பும் அண்மைச்சொல்லைச் சேய்மைப் பொருளோடு பொருத்தும் பிழையை ஒத்தவை.

செயற்படுத்தும் முறை

பவர்பாயிண்ட், ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோப் கேப்டிவேட் முதலிய மென்பொருள்களில் இவ்வடிவமைப்பு மூன்று கூறுகளால் அமைகிறது. அவை நிலை, காலக்கோடு, தூண்டல் என்பன.

நிலை என்பது ஒரு பொருள் வெவ்வேறு பொழுதில் கொள்ளும் தோற்றம். இயல்பாய் இருத்தல், சுட்டி மேலே நிற்றல், அழுத்தப்படுதல், முன்னரே அழுத்தப்பட்டிருத்தல், செயலிழந்திருத்தல் என அது விரியும். இவற்றுள் ‘சுட்டி மேலே நிற்றல்’ என்னும் நிலை தொடுதிரையில் இல்லை. கணினியில் உருவாக்கிச் சரிபார்த்த பாடம் கைப்பேசியில் வழிகாட்டுதலை இழப்பதற்கு இதுவே பெருங்காரணம். ஆதலின், முதன்மையான குறிப்பை இந்நிலையில் வைத்தல் கூடாது.

காலக்கோடு என்பது படவில்லையில் எப்பொருள் எந்நொடியில் தோன்றி மறையும் என்பதை வரையறுப்பது. தூண்டல் என்பது ‘இது நிகழின் அது நிகழ்க’ என்னும் கட்டளை. ‘கைப்பிடி திருப்பப்பட்டால் வளையம் மறைக, பூட்டின்மேல் வளையம் தோன்றுக’ என்பது ஒரு தூண்டல். வளையத்தைப் பொத்தானுக்குப் பின்னடுக்கில் வைப்பது நன்று. முன்னடுக்கில் வைப்பின் கற்பவரின் தொடுகை வளையத்தின்மேல் பட்டுப் பொத்தானைச் சேராமற் போகலாம்.

அசைவின் கால அளவும் கருதத்தக்கது. தொட்டவுடன் திரை வினைபுரிந்தது என்னும் உணர்வு ஏற்பட ஏறத்தாழ 0.1 நொடிக்குள் மறுவினை தோன்ற வேண்டும். 1 நொடியைக் கடப்பின் எண்ண ஓட்டம் தடைப்படும் என்பது கணினி இடைமுக இயலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. வலைத்தள அணுக்கத்திற்கான பன்னாட்டு வழிகாட்டுதல்கள், தானே தொடங்கி 5 நொடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து நீடிக்கும் அசைவை நிறுத்துவதற்கு வழி இருத்தல் வேண்டும் என்கின்றன. எதுவும் ஒரு நொடியில் மும்முறைக்கு மேல் பளிச்சிடுதல் கூடாது என்கின்றன. பின்னது வலிப்பு நோயுடையாரின் உயிர்ப்பாதுகாப்பு பற்றியது. வளையம் இருமுறை அல்லது மும்முறை விரிந்து, பின் அசைவற்ற கோடாய் நிலைபெறுவது இவ்வரம்புகளுக்கு உட்பட்டதும் போதுமானதுமாகும்.

மாதிரிப் பாடம்: கடத்துபட்டையைப் பூட்டுதல்

மேற்கூறியவற்றை விளக்க இக்கட்டுரைக்கென ஒரு மாதிரிப் பாடம் வகுக்கப்படுகிறது. நிலக்கரியைக் கொண்டுசெல்லும் கடத்துபட்டையில் அடைப்பு ஏற்பட்டுள்ளது. அதனை அகற்றச் செல்லும் தொழிலாளி முதலில் செய்ய வேண்டியன யாவை என்பதே பாடப்பொருள்.

செயல்முறை பின்வருமாறு: கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்துப் பணி அனுமதி பெறுதல், பட்டையை நிறுத்துதல், மோட்டாரின் மின்துண்டிப்பானைத் துண்டித்தல், தனிப்பூட்டால் பூட்டி அடையாள அட்டை தொங்கவிட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல், பட்டையை இறுக்கும் எடைக்கட்டையில் தேங்கிய விசையைக் கட்டுப்படுத்துதல், இறுதியாகத் தொடங்கு பொத்தானை அழுத்திப் பட்டை இயங்கவில்லை என உறுதிசெய்தல்.

படவில்லையில் இவற்றுக்குரிய கட்டுப்பாடுகளோடு, பட்டையின் ஓரமாகச் செல்லும் இழுகயிறும் காட்டப்பெறுகிறது. நெருக்கடியில் பட்டையை நிறுத்துவதற்கு உரியது அக்கயிறு. அதனை இழுத்தால் பட்டை நிற்கும். ஆயின் மோட்டாருக்குச் செல்லும் மின்வழி துண்டிக்கப்பட்டுப் பூட்டப்பட்டதாகாது. நின்ற பட்டையைக் கண்டு பாதுகாப்பானது எனக் கருதி அதன்மேல் ஏறுவதே உயிரிழப்புக்கு வழிகோலும் பிழை. பாடத்தின் உயிர்நிலை இவ்வேறுபாட்டில் உள்ளது.

ஒவ்வொரு படியிலும் சரியான கட்டுப்பாடு மட்டும் துடிக்குமாறு பாடம் அமைப்பின் என்ன நிகழும்? கற்பவர் ஆறு துடிப்புகளைத் தொடர்ந்து ஆறுமுறை தொடுவார். பாடம் ‘நிறைவுற்றது’ எனப் பதிவாகும். இழுகயிற்றை அவர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். பட்டையின் அருகே நிற்கும்போது எதுவும் துடிக்காது. அங்கு அவர் கை முதலில் நாடுவது, அண்மையில் தொங்கும் கயிற்றையாகலாம்.

ஆதலின் இப்பாடம் மூன்று சுற்றுகளாக அமைகிறது. முதற்சுற்று காட்டல்: ஒவ்வொரு படியிலும் புறச்சுட்டு தோன்றும், விளக்கவுரை காரணம் கூறும். இரண்டாம் சுற்று துணைநின்று செய்வித்தல்: தொடக்கத்தில் சுட்டு இராது. கற்பவர் சில நொடி தயங்கினாலோ, தவறானதைத் தொட்டாலோ மட்டும் வளையம் தோன்றும். மூன்றாம் சுற்று தனித்துச் செய்வித்தல்: சுட்டு அறவே இல்லை. இழுகயிற்றை இழுத்துவிட்டு அடைப்பை நீக்க முற்பட்டால், மற்றொருவர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பட்டையை இயக்குவதாகக் காட்சி மாறும். பின்னர்ப் பாடம் இரண்டாம் சுற்றுக்குத் திரும்பும். தேர்ச்சி இம்மூன்றாம் சுற்றைக் கொண்டே பதிவாதல் வேண்டும்.

ஆறாம் படி தனிக்கவனத்திற்குரியது. பூட்டியபின் ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தச் சொல்வது இயல்பான அறிவுக்கு முரணாகத் தோன்றும். எனவே முதற்சுற்றில் வலுவான சுட்டு வேண்டப்படும் இடம் இதுவே. எல்லாப் படிகளுக்கும் ஒரேயளவு அசைவு அளிப்பின் இவ்வேறுபாடு புலப்படாது.

உட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976இல் விளக்கிய ‘சாரக்கட்டு’ என்னும் கருத்தும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கட்டடம் எழும்பியபின் சாரம் பிரிக்கப்படுவதுபோல், திறன் வளர்ந்தபின் துணை விலக வேண்டும். மேலும், தொடக்கநிலையினர்க்கு உதவும் வழிகாட்டல் தேர்ந்தவர்க்குத் தடையாவதும் உண்டு என்பதைக் கல்யூகா உள்ளிட்டோர் 2003இல் எடுத்துக்காட்டினர். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்துப் பழக்கிய ஆசிரியர் முதலில் குழந்தையின் விரலைப் பற்றி எழுதுவித்தார். பின்னர் விரலை விடுவித்தார். விடுவிக்காத கை எழுத்தறிவித்த கையாகாது.

மினுக்கத்தின் பொருள்முரண்

தொழிற்பகுதிப் பாடங்களுக்கே உரிய மற்றொரு சிக்கல் உண்டு. பணியிடத்தில் ஒளியும் நிறமும் முன்னரே பொருள் பெற்றுள்ளன. அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கைப் பலகையில் ஒரு கட்டம் விட்டுவிட்டு ஒளிர்ந்தால், எச்சரிக்கை எழுந்துள்ளது, அதனை இயக்குநர் இன்னும் ஏற்கவில்லை என்பது பொருள். ஏற்பதற்குரிய பொத்தானை அழுத்தியதும் ஒளி நிலைபெறும். நிலைமை சீரானபின் அணையும். ஆகவே, இயக்குநர்க்கான பாடத்தில் ‘இங்கே தொடுக’ என்பதற்கும் விட்டுவிட்டு ஒளிர்தலையே பயன்படுத்துவது ஒரு சொல்லுக்கு முரண்பட்ட இருபொருள் கற்பிப்பதாகும்.

நிறமும் அத்தகையதே. இயந்திரப் பொத்தான்களில் பச்சை தொடக்கத்தையும் சிவப்பு நிறுத்தத்தையும் குறிக்கும். மின்துண்டிப்பான் பலகைகளிலோ சிவப்பு விளக்கு மின்வழி இணைந்திருப்பதையும், பச்சை விளக்கு துண்டித்திருப்பதையும் காட்டுவது நம் நாட்டில் பரவலான வழக்கு. பாடத்தில் சரியான விடைக்குப் பச்சையும் தவறான விடைக்குச் சிவப்பும் அளிக்கும் பொதுவழக்கம் இவற்றோடு மயங்கும். எனவே, கருவிகளில் இடம்பெறாத ஒரு நிறமும், ஒளிர்தலன்றி விரிதலாகிய அசைவும் வழிகாட்டும் சுட்டுக்கென ஒதுக்கப்பட வேண்டும். பாடம் உருவாக்குவோர் பணியிடத்தின் குறியீட்டு மொழியை முதலில் கற்றல் இன்றியமையாதது.

தமிழ் எழுத்தும் வினைவடிவும்

தமிழ்ப் பாடங்களில் எழும் சிக்கல்கள் இரண்டு. ஒன்று எழுத்தைப் பற்றியது. உரையை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும் அசைவூட்டம், ஒருங்குறிக் குறியீட்டுப் புள்ளியை ஓர் எழுத்தாகக் கொள்ளுமாயின், ‘கொதிகலன்’ என்னும் சொல் ஐந்தெழுத்தாய்த் தோன்றாது எட்டு அசைவாய்த் தோன்றும். முதலில் ‘க’ தோன்றும்; பின் அதன் இருமருங்கும் உயிர்க்குறி முளைத்து, தோன்றிய எழுத்தே இடம்பெயரும்; ‘த’ தோன்றிப் பின் ‘தி’ ஆகும்; ஈற்றில் ‘ன’ தோன்றிப் பின் புள்ளி பெறும். படிப்பவர் கண் ஒவ்வொரு முறையும் பிழையான எழுத்தைப் படித்துத் திருத்திக்கொள்ள நேரும். உயிர்மெய்யை ஓரலகாகக் கொள்வது தமிழ் மரபு. அசைவூட்டமும் அவ்வலகையே கொள்ள வேண்டும். பொத்தானின்மேல் உள்ள சொல்லாயின் அது முழுச்சொல்லாகவே தோன்றுதல் சிறப்பு.

மற்றொன்று வினைவடிவைப் பற்றியது. ‘தொடங்கு’ என்பது ஏவல். ‘தொடங்குக’ என்பது வியங்கோள். பொத்தானின்மேல் எழுதப்பெறும் சொல், கற்பவர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. சுட்டோடு தோன்றும் சொல், பாடம் கற்பவரை நோக்கிக் கூறும் வேண்டுகோள். இரண்டிடத்தும் ஒரே வடிவைக் கையாளின், யார் யாரை ஏவுகின்றனர் என்னும் மயக்கம் நேரும். ‘நிறுத்து’ எனப் பொத்தானின்மேலும், ‘நிறுத்து பொத்தானைத் தொடுக’ எனச் சுட்டின் அருகிலும் எழுதுவது இம்மயக்கத்தை நீக்கும். பிறமொழித் தொழிலாளர்க்கு இதே பாடத்தை மாற்றும்போதும், புறச்சுட்டில் உள்ள சொல்லை மட்டும் மாற்றினால் போதும். கட்டுப்பாட்டின் உருவம் பணியிடத்தில் உள்ளவாறே நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. கட்டுப்பாட்டுக்கு அளிக்கும் அசைவு கவனத்தைக் கட்டாயமாக ஈர்ப்பது. ஆதலின் சிக்கனமாகவும், வேண்டும் இடத்து மட்டும் வலுவாகவும் அமைதல் வேண்டும். பொத்தானையே அசைப்பதினும் பொத்தானைச் சுட்டும் தனிப்பொருளை அசைப்பது மேலானது. பணியிடத்தில் வேறு பொருள் பெற்ற ஒளியையும் நிறத்தையும் வழிகாட்டும் குறியாகக் கொள்ளுதல் தவிர்க்கத்தக்கது. தமிழ் உரைக்கு உயிர்மெய்யை அலகாகக் கொண்ட அசைவூட்டமும், ஏவல், வியங்கோள் வேறுபாடும் பேணப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்டு நீங்கிய நிலையில் கற்பவர் செய்வதே தேர்ச்சியாகக் கொள்ளப்பட வேண்டும்.

‘அம்மலை’யில் சுட்டு நீங்கினும் மலை நிற்கிறது. அதுபோல, வழிகாட்டும் வளையம் மறைந்தபின்னும் மின்துண்டிப்பானைத் தேடிச் செல்லும் கை எஞ்சி நிற்குமாயின், அப்பாடம் தன் பணியை முடித்ததாகும்.